நினைவின் சாஸ்திரமும் மனப்பாடத் தேர்வும்

2024 டிசம்பரில் சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், கருவில் வளரும் சிசுவின் மூளையை உயிரணு அளவில் நுணுகிக் காட்டும் ‘தரணி’ என்னும் வரைபடத் தொகுதியை உலகுக்கு அளித்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மாணவர்களின் மனநலத்தைக் காக்கும்பொருட்டு நாட்டின் கல்வி நிலையங்களுக்கு 15 வழிகாட்டு நெறிகளை வகுத்தளித்தது. ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் இவ்விரு செய்திகளும், நம் பல்கலைக்கழகங்களில் நரம்பியல் விஞ்ஞானத்தை மேற்படிப்பாக எடுத்துப் படிக்கும் மாணவரிடத்தில் வந்து சந்திக்கின்றன. அவர் அந்தப் பாடத்தில் என்ன பெறுகிறார், என்ன இழக்கிறார் என்பது பொதுமக்களும் கவலைகொள்ள வேண்டிய விஷயம்.

தரணிக்காக ஐந்து சிசு மூளைகள் 5,132 மெல்லிய சீவல்களாக டிஜிட்டல் படமாக்கப்பட்டன. படமெடுக்க இயந்திரங்கள் உண்டு. ஆனால் அப்படங்களைப் பார்த்து, இந்த உயிரணுக்கூட்டம் ஏன் இவ்விடத்துக்கு நகர்ந்து வந்தது, இந்த அடுக்கு ஏன் இந்தப் பருவத்தில் தடித்தது என்று கேட்கத் தெரிந்த மனிதர்களை உண்டாக்குவது வகுப்பறையின் காரியம்.

அத்தகைய மனிதர்கள் நமக்கு அவசரமாகத் தேவைப்படுகிறார்கள். 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்கிறார்கள் என்று 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. டாக்டர் பி. ராமமூர்த்தி 1950இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பு அறுவை மருத்துவத்தைத் தொடங்கிய காலம் முதலாக இந்நகரம் மூளை வைத்தியத்தில் பேர்பெற்றே வந்திருக்கிறது. வைத்தியத்துக்கு அடிப்படையான சாஸ்திரத்தை அறிவியல் கல்லூரிகளில் போதிக்கும் முறைதான் அந்த வேகத்தில் வளரவில்லை என்பது என் அபிப்பிராயம். இந்தப் பாடத்தைப் படிக்கிறவர்களோடும் படித்து முடித்தவர்களோடும் பல ஆண்டுகளாகப் பழகி, அவர்கள் சொல்லக் கேட்டதே இக்கட்டுரைக்கு ஆதாரம்.

சமன்பாடு வரும் வாரம்

முதுநிலை நரம்பியல் வகுப்பில் முதல் நாள் வந்து அமர்கிறவர்கள் ஒரே இடத்திலிருந்து வந்தவர்கள் அல்லர். மாவட்டத் தலைநகரத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் படித்துவிட்டு வந்த பெண், மின்னணுப் பொறியியல் பட்டம் பெற்றும் அந்த உத்தியோகத்தில் மனம் செல்லாத இளைஞர், உளவியல் படித்தவர், சில இடங்களில் மருத்துவப் பட்டதாரி என்று பலரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாடத்தைக் கேட்கிறார்கள். வேறெந்தத் துறையிலும் காண்பதற்கு அரிய இந்தக் கலப்பு, சரியாகப் பயன்படுத்தினால் பெரும் செல்வம். கவனியாது விட்டால் ஒவ்வொருவரையும் தனித்தனியே வாட்டும் துன்பம்.

முதல் சில வாரங்கள் சுகமாகவே போகின்றன. பெருமூளை, சிறுமூளை, முகுளம் என்று பத்தாம் வகுப்பில் படித்த பெயர்களே மறுபடி வருகின்றன; மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உண்டென்றும், உடலின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள அவ்வுறுப்பு, உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை உண்கிறதென்றும் கேட்டு மாணவர்கள் வியக்கிறார்கள். பிறகு ஒரு நாள், நரம்பணுவின் சவ்வில் மின்சாரம் எப்படிப் பாய்கிறது என்ற பாடம் வருகிறது.

விஷயம் எளிதாகச் சொல்லக்கூடியதுதான். ஓய்விலிருக்கும் நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கிறது. தூண்டல் ஓர் எல்லையைத் தாண்டியதும் சோடியத்துக்கான நுண்வாயில்கள் திறந்து, சோடியம் உள்ளே பாய்ந்து, ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் அந்த நிலை தலைகீழாகிறது. பொட்டாசியம் வெளியேறியதும் பழைய நிலை மீள்கிறது. நாம் ஒரு முகத்தை அறிந்துகொள்வதும் ஒரு பெயரை ஞாபகங்கொள்வதும் இந்த நிகழ்ச்சி கோடானுகோடி முறை நடப்பதால்தான்.

ஆனால் கரும்பலகையில் இது ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் விஞ்ஞானிகள் இருவரும் 1952இல் எழுதிய நான்கு வகைக்கெழுச் சமன்பாடுகளாக வந்து நிற்கிறது. பிளஸ் டூவோடு கணக்கை விட்டு வந்த விலங்கியல் மாணவி அன்றோடு மனம் தளர்கிறாள். அச்சமன்பாடுகளைக் கண்டு அஞ்சாத பொறியியல் மாணவரோ, சோடியம் வாயில் என்பது ஒரு புரதம் என்ற இடத்தில் திகைக்கிறார். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்தது தமக்கு மட்டுமே தெரியவில்லை என்று இருவரும் நம்பிவிடுவதால், இருவரும் கையை உயர்த்திக் கேட்பதில்லை. “நான் தப்பான இடத்துக்கு வந்துவிட்டேன் சார்” என்று வெவ்வேறு பின்னணியிலிருந்து வந்த மாணவர்கள் ஒரே சொற்களில் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தச் சமன்பாடுகள் பிறந்த கதையை அவர்களுக்கு யாரேனும் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! கணவாய் மீனின் பருத்த நரம்பிழையில் மின்முனையைச் செலுத்தி அளந்த அவ்விருவரும், கேம்பிரிட்ஜின் கணிப்பொறி அச்சமயம் கிடைக்காமற்போகவே, கையால் சுழற்றும் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு, ஹக்ஸ்லி வாரக்கணக்கில் பொறுமையாகக் கணக்கிட, ஒரே ஒரு நரம்புத் துடிப்பின் வடிவத்தைக் காகிதத்தில் கொண்டுவந்தார்கள். 1963இல் நோபல் பரிசு பெற்ற அந்தக் காரியம், ஒருவர் தனியே கண்ட தரிசனம் அன்று. இரண்டு பேர் ஆண்டுக்கணக்கில் ஒருவரையொருவர் கேள்வி கேட்டு முடித்த வேலை. இதை அறிந்த மாணவர், தமக்குப் புரியாததைப் பக்கத்திலிருப்பவரிடம் கேட்க வெட்கப்படமாட்டார்.

கையில் ஏந்தாத மூளை

நரம்பியலில் முதுநிலைப் பட்டம் பெற்று வெளிவரும் ஒருவர், தம் படிப்புக்காலம் முழுவதிலும் ஓர் உண்மையான மூளையைக் கையில் ஏந்திப் பார்த்ததேயில்லை என்றால் பொதுமக்கள் நம்பமாட்டார்கள். ஆயினும் அப்படிப்பட்டவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள்.

விலங்கியல் வகுப்புகளில் பிராணிகளை அறுப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் விலக்கியது. தவளையையும் எலியையும் வகை தொகையின்றிக் கொன்றுகுவித்த பழைய வழக்கம் நின்றதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் விலக்கிய இடத்தில் எதை வைத்தோம்? பெரும்பாலான கல்லூரிகளில் ஒரு பிளாஸ்டிக் மாதிரியும், திரையில் ஓடும் ஒரு படமும் வைத்தோம். பிளாஸ்டிக் மாதிரியில் எல்லாப் பகுதிகளும் வெவ்வேறு வர்ணத்தில் துலக்கமாகப் பிரிந்திருக்கும். உண்மையான மூளையில் அவ்வாறு எதுவும் பிரிந்திருப்பதில்லை என்பதும், எல்லைகளை அறிஞர்கள் எவ்வளவு சிரமப்பட்டு வகுத்தார்கள் என்பதும் மாதிரியைப் பார்த்தவருக்குத் தெரிய வழியில்லை.

இதற்கு ஒரு பிராணியையும் புதிதாகக் கொல்ல வேண்டியதில்லை. உணவுக்காக அறுக்கப்படும் ஆட்டின் மூளையைச் சிதைக்காமல் எடுத்துத் தரும்படி கறிக்கடைக்காரரிடம் முன்னதாகச் சொல்லிவைத்தால் கிடைக்கும். அதைக் காற்றோட்டமான அறையில், கையுறையோடு, ஃபார்மலினில் சில நாட்கள் ஊறவைத்தால் கத்தி செல்லும் பதத்துக்கு இறுகிவிடும். அப்படி ஒரு வகுப்பில் நான் உடனிருந்தேன்.

மேலே படர்ந்திருந்த இரத்தக்குழாய்களோடு கூடிய மெல்லிய உறையை இடுக்கியால் மெதுவாக உரித்ததும் மடிப்புகள் வெளிப்பட்டன. மூளையைத் தலைகீழாகத் திருப்பியபோது, இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடம் வெண்மையாகத் தெரிந்தது. படத்தில் நூறு முறை பார்த்த அந்தக் குறுக்கலை விரல் நுனியால் தொட்ட மாணவி சிறிது நேரம் பேசவேயில்லை. நடுப்பிளவின் வழியே கத்தியைச் செலுத்தி இரண்டாக்கியதும், இரு பாதிகளையும் இணைத்திருந்த வெள்ளைப் பட்டையின் வெட்டுமுகமும், சிறுமூளைக்குள் கிளைவிட்டுப் பரவியிருந்த வெண்மரமும் ஒருங்கே தோன்றின. அதன்பிறகு கேட்கப்பட்ட கேள்விகளுக்கு விடை சொல்ல ஆசிரியருக்கு நேரம் போதவில்லை. ஒரு பருவம் முழுவதும் கேளாத கேள்விகள் அவை.

தொட்டுப் பார்ப்பதுபோலவே, உடலின் மின்துடிப்பைக் காதால் கேட்பதற்கும் வழி உண்டு. முன்கையில் இரண்டு மின்முனைகளை ஒட்டி, ஒரு சிறு மின்பெருக்கியோடும் ஒலிபெருக்கியோடும் இணைத்தால், முஷ்டியை மடக்கும்போதெல்லாம் தம் தசையின் மின்துடிப்பு சடசடவென ஒலிப்பதை மாணவர் தாமே கேட்கலாம். 1958இல் விஞ்ஞானிகள் ஹூபெலும் வீசலும் பூனையின் பார்வைப் புறணியை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, கண்ணாடித் தகட்டிலிருந்த புள்ளிக்கு அசையாத நரம்பணு, தகட்டின் ஓரத்து நிழல் நகர்ந்ததும் படபடத்ததை அவர்கள் அறிந்ததும் காதால்தான். கோட்டையும் விளிம்பையும் மூளை எப்படிக் காண்கிறது என்ற ஆராய்ச்சி அந்தச் சத்தத்தில் தொடங்கி 1981இல் நோபல் பரிசில் வந்து நின்றது. இந்த வரலாற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் மாணவர், அப்படி ஒரு சத்தத்தை ஒரு முறையேனும் கேட்டிருக்க வேண்டாமா?

மனப்பாடம்

மாணவர்கள் சொன்னவற்றுள் என்னை மிகவும் வருத்தியது தேர்வைப் பற்றியது. பன்னிரண்டு கபால நரம்புகளையும், தண்டுவடத்தின் ஏறுபாதைகளையும் இறங்குபாதைகளையும், எண்ணற்ற இரசாயனத் தூதுப்பொருள்களின் பெயர்களையும் தேர்வுக்கு முந்தைய இரவுகளில் கண்விழித்து உருப்போட்டு, மூன்று மணி நேரம் எழுதித் தீர்த்து, அடுத்த மாதத்தில் அனைத்தையும் மறந்துவிடுகிறார்கள். ‘ஹிப்போகாம்பஸ் — சிறுகுறிப்பு வரைக’ என்ற வினாவுக்கு முழு மதிப்பெண் பெற்ற ஒருவர், நினைவோடு தொடர்புடைய அப்பகுதி மூளையில் எந்தப் பக்கமாக அமைந்திருக்கிறது என்று விரலால் காட்டச் சொன்னபோது காட்ட இயலாமல் நின்றதை நான் கண்டிருக்கிறேன். அவர் சிரத்தையில்லாத மாணவர் அல்லர். கேட்ட கேள்விக்குத் தம்மைத் தயார்செய்துகொண்டவர்.

நினைவு எப்படி உண்டாகிறது, எப்படி நிலைக்கிறது என்பதையே ஆராயும் சாஸ்திரம் இது. உளவியலாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட பரிசோதனை, அத்துறையினர் அனைவரும் அறிந்தது: ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துச் சற்றுக் கூடுதலாக ஞாபகம் வைத்திருந்தார்கள், ஆனால் புத்தகத்தை மூடிவைத்துத் தம்மைத் தாமே சோதித்துக்கொண்டவர்கள் ஒரு வாரம் கழித்து அவர்களைவிட மிகுதியாக நினைவுகூர்ந்தார்கள். படித்தது பதிவதற்குத் தூக்கம் இன்றியமையாதது என்பதையும் இதே பாடத்தில்தான் சொல்லிக்கொடுக்கிறோம். சொல்லிக்கொடுத்துவிட்டு, தூங்காமல் உருப்போட்டால்தான் தேறமுடியும் என்ற நிர்ப்பந்தத்தில் அதே மாணவர்களை வைத்திருக்கிறோம். வேறு எந்தத் துறைக்கு இது மன்னிக்கத்தக்கதாயினும் நரம்பியல் துறைக்கு மன்னிக்கத்தக்கது அன்று.

படிப்பு முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் மறவாமல் மாணவர்கள் சொல்லும் ஒரு பெயர் ஹென்றி மொலைசன். வலிப்பைத் தணிப்பதற்காக 1953இல் மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸ் உள்ளிட்ட பகுதிகள் அகற்றப்பட்டபின், புதிய நிகழ்ச்சி எதையும் ஞாபகத்தில் நிறுத்தமுடியாமல் 2008 வரை வாழ்ந்தவர் அவர். உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தின் விளிம்புக்குள் கோடு போடச் செய்தார். முன்தினம் அதைச் செய்ததே மொலைசனுக்கு நினைவில்லை. ஆயினும் நாளுக்கு நாள் அவர் கை தேறிவந்தது. நினைவு ஒன்றல்ல, பல என்ற பேருண்மை அந்தக் கோட்டில் வெளிப்பட்டது.

ஒரு கண்ணாடியும் ஒரு பென்சிலும் இருந்தால் இதே சோதனையை எந்த வகுப்பிலும் செய்யலாம். மூன்று நாட்கள் தொடர்ந்து செய்யும் மாணவர், தம் கை கற்பதைத் தாமே பிரத்யட்சமாகக் காண்பார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், இழந்த கையில் வலிப்பதாக உணர்ந்தவர்களுக்கு 1990களில் ஆறுதல் தேடியதும் ஒரு பெட்டிக்குள் நிறுத்திய கண்ணாடியைக் கொண்டுதான். பணமில்லை என்பதைக் காரணம் காட்டும் நிர்வாகங்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

வீடு வரை தொடரும் பாடம்

மூளையைப் படிப்பதில் ஒரு தனிப்பட்ட கஷ்டம் உண்டு. பாறையைப் பற்றியோ பாசியைப் பற்றியோ படிக்கிறவர், புத்தகத்தை மூடியதும் பாடத்தை மறந்து வீடு செல்லலாம். மறதிநோயைப் பற்றிய பாடத்தைக் கேட்ட ஒரு மாணவி, தன் அப்பத்தா காலையில் சாப்பிட்டதை மறந்துவிட்டு “இன்னும் எனக்குச் சோறு போடல” என்று பத்து முறை கேட்பதும், அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய திருமணத்தில் யார் யார் என்னென்ன மொய் வைத்தார்கள் என்று தவறாமல் சொல்வதும் ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது என்றாள். அதுவரை வீட்டில் எல்லோரும் அந்த முதியவளைக் கடிந்துகொண்டிருந்தார்கள். “நானும்தான் சார் கடிந்துகொண்டேன்” என்று சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது. அந்த விடுமுறையில் அவள் ஊருக்குப் போய்த் தன் தாயிடமும் சித்தியிடமும் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாளாம்.

நரம்பியல் கல்வியின் சமூகப் பிரயோஜனம் என்று நான் சொல்வது இதைத்தான். வலிப்பு வந்தவரின் கையில் இரும்பைத் திணிக்க ஓடும் கூட்டத்தை விலக்கி, அவரை ஒருக்களித்துப் படுக்கவைக்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இருப்பதும், பக்கவாதம் கண்டவரைத் தாமதமின்றித் தக்க மருத்துவமனைக்குக் கொண்டுசென்றால், நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கப்படும், இரத்த உறைவைக் கரைக்கும் மருந்து பலன் தரக்கூடும் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் தெருவில் இருப்பதும் சாமானிய லாபங்கள் அல்ல.

ஆனால் இந்தப் பாடமே சிலருக்குப் பாரமாகிறது. மனச்சோர்வைப் பற்றிய அத்தியாயத்தைப் படிக்கையில் ஒவ்வோர் அடையாளமும் தம்மிடமே இருக்கிறதென்று உணர்ந்து, யாரிடமும் சொல்லாமல் விடுதி அறைக்குள் ஒடுங்கிய மாணவர் ஒருவரை அறிவேன். அவருடைய ஆசிரியர் அந்நோயின் இரசாயனத்தைப் பிழையின்றிப் போதித்தார். வகுப்பில் ஒருவர் இருவருக்கு அது சொந்த அனுபவமாக இருக்கக்கூடும் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

என்ன செய்யலாம்?

முதற்பருவம் தொடங்குமுன் மூன்று வாரங்கள் இணைப்பு வகுப்புகள் நடத்தலாம். உயிரியல் படித்தவர்களுக்குப் பொறியியல் மாணவர்களே மின்சாரத்தையும் எளிய நுண்கணிதத்தையும் சொல்லித்தரட்டும். உயிரணுவையும் புரதத்தையும் உயிரியல் மாணவர்கள் அவர்களுக்குச் சொல்லித்தரட்டும். தமிழ்வழியில் படித்துவந்தவர்கள் தயக்கமின்றிப் பேச, வாரம் ஒரு மணி நேரமேனும் தமிழிலேயே விவாதம் நடக்கட்டும். இதற்குத் தனி நிதி வேண்டியதில்லை. கால அட்டவணையில் இடம் வேண்டும், துறைத்தலைவருக்கு மனம் வேண்டும்.

தமிழகத்தில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் உடற்கூறியல் துறை உண்டு. மனித மூளைகள் அங்கே பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் நரம்பியல் மாணவர்கள் பருவத்துக்கு இரண்டு நாள் அங்கே சென்று பயில உயர்கல்வித் துறையும் மருத்துவக் கல்வித் துறையும் ஓர் உத்தரவு பிறப்பித்தால் போதும். பெங்களூரில் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் உள்ள மூளை அருங்காட்சியகம் பொதுமக்களுக்கே திறந்துவிடப்பட்டிருக்கிறது. மாணவர்களை அங்கே ஒரு முறை அழைத்துச் செல்வதைப் பாடத்திட்டத்திலேயே எழுதிவைக்கலாம்.

தேர்வைப் பொறுத்தவரை, மதிப்பெண்ணில் பாதியைப் பருவ இறுதியிலிருந்து எடுத்து, வாரந்தோறும் புத்தகத்தை மூடிவைத்து எழுதும் சிறு சோதனைகளுக்கும், ஒரே ஒரு மூல ஆய்வுக்கட்டுரையைப் பருவம் முழுவதும் நிதானமாகப் படித்து வகுப்பில் எடுத்துரைப்பதற்கும் பகிர்ந்தளிக்க வேண்டும். மீதிப் பாதிக்கான வினாத்தாளில் ‘சிறுகுறிப்பு வரைக’ குறைந்து, ஒரு நோயாளியின் நிலையை விவரித்து ‘எந்தப் பகுதி பழுதுற்றிருக்கலாம், ஏன்?’ என்று கேட்கும் வினாக்கள் மிகுதல் வேண்டும். பாடத்திட்டக் குழுக்கள் இதை அடுத்த கூட்டத்திலேயே தீர்மானிக்கலாம்.

வேலைவாய்ப்பைப் பற்றியும் மாணவரிடம் உள்ளதை உள்ளபடி சேர்க்கையின்போதே சொல்லிவிட வேண்டும். ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் பணித் தகுதிக்கும் எழுத வேண்டிய சிஎஸ்ஐஆர்-நெட் தேர்வில் நரம்பியலுக்குத் தனித்தாள் கிடையாது. உயிர் அறிவியல் தாளில் அது ஒரு சிறு பகுதியே. ஆகையால் இத்துறையைச் சேர்ந்தவர் தாவரவியல் முதல் சூழலியல் வரை அனைத்தையும் மறுபடி படித்தாக வேண்டும். அதற்கான பயிற்சியைத் துறையே வழங்கலாம்.

மனநலத்தைப் பொறுத்து, நூறு மாணவர்களுக்குக் குறையாத ஒவ்வொரு நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் கட்டளை. நியமன உத்தரவைக் கோப்பில் வைத்துக்கொண்டால் கட்டளை நிறைவேறிவிடாது. நோய்களைப் பற்றிய அத்தியாயங்கள் தொடங்கும் வாரத்தில் ஆலோசகர் வகுப்புக்கே நேரில் வந்து மாணவர்களோடு பேசட்டும். அவருடைய அறை எங்கே, எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்பது முதல் நாள் கொடுக்கும் பாடத்திட்டத் தாளிலேயே அச்சாகட்டும்.